எச்சில் தொட்டுக் கட்டிய முடிச்சு

பாரிஸ், 8 மார்ச் 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர் இன்னும் விடவில்லை, மற்றபடி நலம். உன் ரத்த அழுத்த மாத்திரையை நினைவாகப் போட்டுக்கொள்கிறாயா?

ஒரு கேள்வி. எனக்குப் பதில் தெரியாத கேள்வி. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவதென்றால், அதை எதற்குப் பிடிக்க வேண்டும்? கேட்டது அலுவலகத்தில் என் எதிர் மேஜைக்காரி ஆரெலி. நெஞ்சு வரை ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு நீ ஆற்றில் நிற்கும் படத்தை அவளிடம் காட்டியது என் தவறு.

"சாப்பிடவா பிடிக்கிறார்?"

"அவர் சைவம்."

"விற்கவா?"

"இல்லை. பிடித்து, பார்த்து, விட்டுவிடுவார்."

"பிறகு எதற்கு?"

தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். மருந்துப் பரிசோதனைகளில் வரும் எண்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது எனக்குப் புதிதல்ல. சொந்த அண்ணனைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததுதான் உறுத்துகிறது. அண்ணி தவறிப்போன வருஷம், 2009இல், அந்த ஆற்றுக்குள் இறங்கினாய். அதிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் வா வா என்கிறாய், நானும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ "சரி, வேறென்ன" என்பதைத் தாண்டிப் போவதில்லை. அதோடு உன் குரலும் இப்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. கடிதத்தில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவகாமி

*

மிசூலா, மொன்டானா, 22 மார்ச் 2015

அன்புத் தங்கை சிவகாமிக்கு,

மாத்திரை, நடை, ஓட்ஸ் கஞ்சி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஆரெலியிடம் சொல், அந்தப் பதிலைத் தபாலில் அனுப்ப முடியாது. நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். உனக்கும் அதே பதில்தான். ஜூலை முதல் வாரம் வா. பனி உருகி வந்த வெள்ளம் அதற்குள் வடிந்திருக்கும், பிட்டர்ரூட் ஆறு கண்ணாடிபோல் ஓடும்.

இத்துடன் ஒரு பொய்ப்பூச்சி வைத்திருக்கிறேன். தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிக் கட்டுவது. தண்ணீரில் மிதந்து வரும்போது டிரவுட் மீன் அதை நிஜப்பூச்சி என்று நினைக்க வேண்டும். அது சுலபத்தில் நினைக்காது, உன்னைப்போல எல்லாவற்றையும் சந்தேகப்படும் ஜாதி. முள்ளின் கொக்கியை நசுக்கிவிட்டேன். மீனுக்கும் வலிக்காது, உனக்கும் குத்தாது.

ஓர் உதவி. இதற்கு மயிலிறகின் பச்சை இழை வேண்டும். உங்கள் லா ஷப்பேல் தமிழ்ப் பகுதியில் சாமிக் கடைகள் இருக்குமே, கிடைத்தால் நாலு இறகு அனுப்பு.

துணைக்கு வரும் பக்கத்து வீட்டு ரேமண்டுக்கு முழங்கால் ஆபரேஷன். இந்த வருஷம் அவர் வரமாட்டார். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

அன்புடன்,
சீத்தாராமன்

*

பாரிஸ், 6 ஏப்ரல் 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். "நம்புகிறேன்" என்று நான் சும்மா எழுதவில்லை, கீழே படி.

ரூ பெர்தொனே தெருவில் குலசேகரம் கடைக்குப் போனேன். நான் காய்கறி வாங்கும் கடைதான், சாமிச் சாமானும் வைத்திருக்கிறார்.

"மயிலிறகோ? ஓம் இருக்கு. முருகனுக்கோ அக்கா?"

"இல்லைங்க. மீனுக்கு."

அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "மீனுக்கோ? மயிலிறகு போட்டு என்ன குழம்பக்கா வைக்கப் போறியள்?"

விளக்கினேன். அமெரிக்காவில் அண்ணன், ஆறு, பொய்ப்பூச்சி. கடைசியில் விட்டுவிடுவார் என்றதும், "விடுகிறதுக்கோ?" என்று சமோசா வாங்க நின்ற ஆட்களையும் கூப்பிட்டுச் சொன்னார். இனி அந்தத் தெருவில் எனக்கு வேறு பெயர்தான். நாலு இறகு இத்துடன்.

இப்போது என் கேள்வி. உன் எழுத்து ஏன் இப்படிச் சிறுத்துவிட்டது? ஜனவரியில் வந்த கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு அப்போது பதினெட்டு வரி, இப்போது இருபத்தொன்பது. ஒவ்வொரு வரியும் தொடங்குவதைவிடச் சின்னதாக முடிகிறது. அங்கே காகிதம் ரேஷனா?

அந்தப் பூச்சியும் உன் கைவேலை மாதிரி இல்லை. நூல் கன்னாபின்னாவென்று சுற்றியிருக்கிறது.

பதில் போடு.

சிவகாமி

*

மிசூலா, 3 மே 2015

அன்புள்ள சிவகாமி,

நலம். தாமதத்துக்கு மன்னி.

உன் மயிலிறகு வந்தது. கடைக்காரர் பன்னீர் தெளித்து வைத்திருப்பார் போல, கவரைப் பிரித்ததும் வீடு முழுக்கக் கோயில் வாசம். மீன்களுக்கு பக்தி வந்து கரையேறிவிட்டால் என்ன செய்வது என்று மூன்று தடவை அலசினேன்.

ஆறு இப்போது பழுப்பாக, கரை முட்ட ஓடுகிறது. ஜூன் பாதி வரை இறங்க முடியாது. பேனா சரியில்லை. ஜூலை மறக்காதே.

சீத்தாராமன்

*

பாரிஸ், 17 மே 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி என்று வழக்கப்படி கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

பேனா சரியில்லை என்றால் மை விட்டு விட்டு வரும், எழுத்து சிறுக்காது. பன்னிரண்டு வருஷமாக நோயாளிகள் நிரப்பிய படிவங்களைப் பார்த்து வருகிறேன். எழுத்து சிறுப்பது, குரல் தணிவது, நுணுக்கமான வேலையில் விரல் தடுமாறுவது, இந்த மூன்றும் ஒரே படிவத்தில், அடுத்தடுத்த கேள்விகளாக வரும். அந்தப் படிவம் எந்த நோய்க்கானது என்று நான் எழுதப் போவதில்லை. நான் டாக்டர் இல்லை, நீயும் என் நோயாளி இல்லை. டாக்டரிடம் போனாயா, இல்லையா? அதை மட்டும் சொல்.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு தூண்டில் கோல் வாங்கினேன். வீட்டில் உட்கார முடியவில்லை. நாலு மாடி இறங்குகிறேன், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறேன், திரும்ப ஏறுகிறேன். அதற்கு இது பரவாயில்லை. ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் பூங்காவில், முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பார்க்கிறேன். கடையை அடைத்துவிட்டு அந்த வழியாக வந்த குலசேகரம் வேலியோரம் நின்றுவிட்டார்.

"அக்கா, இஞ்சை புல்லிலை மீன் இருக்கெண்டு ஆர் சொன்னது?"

"பழகுறேங்க."

"பழகுங்கோ, பழகுங்கோ. அம்பிட்டால் விட்டிடுவியள்தானே, எங்களுக்குக் குழம்புக்கும் உதவாது."

நூல் இரண்டு தடவை என் கழுத்தில் சுற்றியது, ஒரு தடவை அவருடைய தொப்பியைக் கழற்றியது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சிவகாமி

*

பாரிஸ், 7 ஜூன் 2015

அண்ணா,

மூன்று வாரம் ஆயிற்று. போனில் மூன்று ஞாயிறும் மொன்டானா வானிலையைப் பற்றிப் பேசினோம். கடிதம் வந்ததா என்றேன், "ம், வந்தது" என்றாய்.

மெட்ரோ பாலத்துக்கு அடியில் மாதக்கணக்கில் இருந்த அகதிகளின் கூடாரங்களைச் செவ்வாய்க்கிழமை காலி செய்துவிட்டார்கள். அங்கே இப்போது கம்பிவேலிதான். அதைத் தாண்டி வேலைக்குப் போகிறேன், வருகிறேன், தபால் பெட்டியைத் திறக்கிறேன். காலையில் ஒரு தடவை திறந்ததை மாலையிலும் திறக்கிறேன். தபால்காரர் ஒரு தடவைதான் வருவார் என்று எனக்குத் தெரியும்.

சுகமாக இரு.

சிவகாமி

*

மிசூலா, 16 ஜூன் 2015

அன்புள்ள சிவகாமி,

இரண்டு கடிதமும் என் மேஜை மேல் இருக்கின்றன. டாக்டரிடம் போனேன், போன அக்டோபரில். நீ பெயர் எழுதாமல் விட்ட நோய்தான். மகள் என்பதால் அக்ஷராவுக்கு டிசம்பரில் சொன்னேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்காதே. சொன்னால் நீ எண்களைத் தேட ஆரம்பிப்பாய், எத்தனை வருஷம், எத்தனை சதவீதம் என்று. நானும் கேட்பேன், நீயும் உண்மையைச் சொல்லிவிடுவாய்.

வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆடுகிறது. வேலை கொடுத்தால் அடங்குகிறது. தூண்டில் கோலை எடுத்து வீசும்போது, நூல் பின்னால் போய் நீண்டு திரும்பி முன்னால் வரும்வரை, கை என்னுடையதாக இருக்கிறது. அந்த நேரத்தில் அது ஆடுவதே இல்லை. ஆரெலி கேட்ட கேள்விக்கு ஆறு வருஷத்துக்கு முன் வேறு பதில் வைத்திருந்தேன். இந்த வருஷப் பதில் இதுதான்.

சங்கடம் இரண்டு. ஒன்று, பூச்சியை அடிக்கடி மாற்றினால்தான் மீன் வரும். அந்த மெல்லிய நூலில் பூச்சியைக் கட்ட என் விரல் ஒத்துழைப்பதில்லை. இரண்டு, ஆற்றின் அடியில் கல் வழுக்கும். தனியாக இறங்கக் கூடாது என்று டாக்டர் கையெழுத்து வாங்காத குறை. அடுத்த கோடையில் துணையோடும் இறங்க முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், "பார்க்கலாம்" என்றார்.

அதனால்தான் ஜூலை என்றேன். முடிச்சைக் கற்றுக்கொண்டு வா. நூலைப் பூச்சியின் கண்ணுக்குள், அதாவது முள்ளின் துளைக்குள் விட்டு, தன்னைத்தானே ஐந்து சுற்றுச் சுற்றி, முதல் வளையத்துக்குள் முனையை நுழை. எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இழு. எச்சில் முக்கியம். காய்ந்த நூல் உராய்ந்து சூடாகி வலுவிழந்துவிடும், நல்ல மீன் வரும்போது அறுந்துபோகும்.

உன் உடம்பையும் கவனி.

அண்ணா

*

பாரிஸ், 24 ஜூன் 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மெட்ரோவில் படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி மூன்று நிலையம் போய்விட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத வராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீசும்போது கை ஆடுவதே இல்லை என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் தன் கையைப் பற்றித் தானே சொல்வது சான்றாகாது. அருகில் நின்று யாராவது எண்ண வேண்டும்.

அந்த யாராவது ஜூலை முதல் வாரம் வர முடியாது. என் குடியிருப்பு அட்டை ஜூலை 31ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்க பிரெபெக்சர் அலுவலகத்தில் ரந்தேவூ, நேரம் கொடுத்திருப்பது, 28ஆம் தேதி காலை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. கையில் ரெசிப்பிசே என்ற தற்காலிகச் சீட்டு வந்துவிட்டால் 30ஆம் தேதி கிளம்பலாம். ஒரு மாதத் தாமதம். அதுவரை ஆற்றில் இறங்காதே. இது தங்கை கேட்பது.

முடிச்சு பழகுகிறேன். இரண்டாம் நம்பர் மெட்ரோவில் லா ஷப்பேலிலிருந்து நசியோன் போவதற்குள் ஆறு முடிச்சு. எச்சிலைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. வாய் வரை கொண்டுபோகிறேன், அம்மா பின்னால் நின்று "சீ, எச்சில்!" என்பதுபோல் கை தானாக இறங்கிவிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

சிவகாமி

*

மிசூலா, 6 ஜூலை 2015

அன்புள்ள சிவகாமி,

நலமே. காகிதம் முக்கியம், ரந்தேவூவை விடாதே. 30ஆம் தேதி கிளம்பி வந்து பயனுமில்லை. இந்த வருஷம் ஜூனிலேயே வெயில் கொளுத்திவிட்டது. தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து எழுபத்து மூன்று டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இங்கே ஆந்தைச் சட்டம் போடுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாது. சூடான தண்ணீரில் காற்று குறைவு. பிடித்துவிட்டாலும் மீன் களைத்துச் செத்துவிடும். அந்தச் சட்டத்தை இப்போதே போட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் காலையிலும் மூடிவிடக்கூடும்.

அடுத்த வருஷம் பார்ப்போம். காலில் சின்னச் சிராய்ப்பு, தோட்டத்தில். வேறொன்றும் விசேஷமில்லை.

அண்ணா

*

பாரிஸ், 15 ஜூலை 2015

அண்ணாவுக்கு,

சிராய்ப்பு ஆறிவருகிறதா? ஆறு தையல் போட்ட சிராய்ப்பு!

அக்ஷரா சனிக்கிழமை கூப்பிட்டாள். உன் தோட்டத்துக்குள் பிட்டர்ரூட் ஆறு எப்போது ஓட ஆரம்பித்தது? நாலாம் தேதி காலையில் தனியாக இறங்கி வழுக்கி விழுந்திருக்கிறாய், யாரோ படகில் வந்தவர் இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார். அக்ஷரா சியாட்டிலிலிருந்து வந்து உன் ரப்பர் கால்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அத்தை, அவர் திட்டவே இல்லை, குழந்தை மாதிரி கொடுத்துட்டார், எனக்கு அதுதான் தாங்கலை" என்றாள்.

அதன் பிறகு நானும் தூங்கவில்லை. உன்னைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். 31 வரை செல்லுபடியாகும் அட்டையோடு நான் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம் என்பது ஜூனிலும் எனக்குத் தெரியும். பயந்தேன். உன் கையை நேரில் பார்க்கப் பயந்தேன்.

22ஆம் தேதி கிளம்புகிறேன், 27ஆம் தேதி திரும்பிவிடுவேன், 28 காலை வரிசையில் நிற்பேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே நான் வந்து சேர்ந்தாலும் சேரலாம். கால்சட்டை பார்சலில் வரும். அக்ஷரா என் பெயருக்கு அனுப்புகிறாள், உன் பெயருக்கு இல்லை. நீ பிரிக்காதே.

சிவகாமி

*

மிசூலா, உன் சமையலறை, 25 ஜூலை 2015

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பின்கட்டில் தூங்குகிறாய். நாளை விடியற்காலை விமானம். இதைக் காப்பித்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பாய். சற்று முன் அக்ஷராவிடம் போனில் "பதினெட்டு அங்குலம்டி" என்று சொன்னதைக் கேட்டேன். ரேமண்டிடம் சொல்லும்போது அது இருபத்திரண்டு ஆகும். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வியாழக்கிழமை. எனக்கு விமானத் தூக்கம் தெளியவில்லை. நான் குளித்துக் கிளம்ப ஒரு மணியாயிற்று, ஆற்றுக்குப் போனபோது இரண்டு பத்து. அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாய். பத்து நிமிஷம்தானே, யாரும் இல்லையே என்று நான்தான் சொன்னேன். நீ கதவைத் திறக்கவில்லை. "மீனுக்குத் தெரியுமே" என்றாய். மடியில் உன் கை ஆடிக்கொண்டிருந்தது. அதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். எழுதியிருந்ததைவிட அதிகம். இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் நடந்தது இது.

காலை ஐந்து நாற்பதுக்கு இறங்கினோம். உன் தெர்மாமீட்டரில் தண்ணீர் அறுபத்தொரு டிகிரி. இடது கையால் என் தோளைப் பிடித்திருந்தாய். நெஞ்சளவு வரை போகலாம் என்றாய், முழங்காலுக்கு மேல் விடமாட்டேன் என்றேன். முழங்காலில் நின்றோம். பன்னீர் மயிலிறகில் கட்டிய பூச்சியை எடுத்துக் கொடுத்தாய். முடிச்சு நான் போட்டேன். ஐந்து சுற்று, வளையம் எல்லாம் சரி. எச்சில் தொடவில்லை. நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது.

பன்னிரண்டாவது வீச்சில் மீன் பூச்சியைக் கவ்வியது. கோல் வளைந்தது, நூல் கிர்ரென்று ஓடியது, "விடு, ஓட விடு" என்று நீ உனக்கே சொல்லிக்கொண்டாய். பிறகு நூல் தொளதொளவென்று திரும்பியது. முனையில் சுருள் மட்டும் இருந்தது. அறுந்தது என் முடிச்சு. மீனைத் தண்ணீருக்கு வெளியே யாரும் பார்க்கவில்லை, எனவே அதன் நீளம் பதினெட்டு அங்குலம் என்பதற்கு ஆதாரமில்லை.

எச்சில் தொடவில்லை என்று ஒத்துக்கொண்டேன். நீ கோபிப்பாய் என்று நினைத்தேன்.

"மொத்தத்தில் அதை விடும் வேலை மிச்சம்" என்றாய். "கொக்கி இல்லாத முள், அது வாயிலேருந்து தானா விழுந்துடும். ஆனா சிவகாமி, அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

அடுத்த பூச்சியின் நூலை வாயில் வைத்தேன். ஆற்று வாசமும் பன்னீர் வாசமும் இருந்தன. அந்த முடிச்சு அறவில்லை. அதில் மீனும் வரவில்லை.

எட்டரை மணிக்கு, போதும் என்று நீயே சொன்னாய். கரைக்கு வரும்போது வழுக்கியது நீ இல்லை, நான். உன்னையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இருந்தோம். இதை அக்ஷராவிடம் நீ சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

ஆரெலிக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது இது. நீ நாற்பத்தொரு முறை வீசினாய், நான் எண்ணினேன். முப்பத்தொன்பது முறை கை ஆடவில்லை. மீதி இரண்டைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. அப்போது எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை.

சிவகாமி